பதினொன்றாவது வரி

கிட்டே வந்து உட்காருங்கள், கண்ணுகளா. கையிலிருக்கும் காபி ஆறுவதற்குள் முடிந்துவிடும் கதைதான். குற்றவாளி நானே என்பதால் விவரம் எதுவும் தப்பாது.

ஏரியூர்ப் பக்கம் பதினொரு சிற்றூர்களுக்கு ஒரே தண்ணீர் லாரி. எந்த ஊர்த் தொட்டியில் தண்ணீர் மிகக் குறைவோ, அங்கே அது போக வேண்டும். ஊருக்கு ஊர் சண்டை வந்ததால், அறுபத்திரண்டு வயதில் யூடியூப் பார்த்து புரோகிராம் எழுதப் பழகிய என்னிடம் தண்ணீர்க் குழு அந்த வேலையைக் கொடுத்தது. கம்ப்யூட்டருக்குச் சாதி தெரியாது என்று சொல்லி மாலைகூடப் போட்டார்கள்.

வேலை சின்னதுதான். இருப்பதில் சிறிய எண்ணைத் தேடித் தர புரோகிராம் மொழியோடு வரும் லைப்ரரியிலேயே ஆயத்தமாக ஒரு கட்டளை இருக்கிறது. எங்கே தொடங்குவது, எங்கே நிற்பது என்று இரண்டு குறி கொடுத்தால் போதும். நிற்கும் குறி விழுந்த வரியை மட்டும் அது பார்க்காது. அதனால் அந்தக் குறியைக் கடைசி வரிக்கும் அப்பால் வைக்க வேண்டும். நான் கடைசி வரியிலேயே வைத்துவிட்டேன்.

எங்கள் பக்கம் எந்தப் பட்டியல் எழுதினாலும் காலனி கடைசியில்தான் வரும்; இதிலும் பதினொன்றாவது வரி அதற்குத்தான். அது நான் உண்டாக்கிய வழக்கமில்லை.

மூன்றாம் நாளே எனக்குத் தெரிந்துவிட்டது. காலனித் தொட்டியில் பூஜ்யம். லாரியோ, ஓரடித் தண்ணீர் கிடந்த எங்கள் ஊருக்கு வந்தது. வழிந்ததெல்லாம் என் குண்டுமல்லிக்குப் பாய்ந்தது. செடிகள் அப்படிப் பூத்து நான் பார்த்ததில்லை.

காலனியிலிருந்து பச்சியப்பன் வந்தார்.

"ஏங்கம்மா, எங்க தொட்டியில பல்லி ஓடுதுங்க. லாரி எப்பங்க வரும்?"

"கம்ப்யூட்டர் சொல்ற ஊருக்குத்தான் போவும், பச்சியப்பா."

"அதுக்கு எங்க ஊர் பேரச் சொல்லிக் குடுத்தீங்களா? இல்ல, உங்க வூட்டு கம்ப்யூட்டரும் எங்களுக்குத் தனி டம்ளர்தான் வெச்சிருக்குதுங்களா?"

நயமாகப் பேசத் தெரியாத மனிதர். நிற்கும் குறியோடு ஓர் ஒன்றைக் கூட்டினால் சரியாகிவிடும். பூ சீசன் முடியட்டும் என்றிருந்தேன்.

நாற்பதாம் நாள், அவர் மகள் வெண்மதி தண்ணீர் மொள்ளப் பாழுங்கிணற்றில் இறங்கினாள். குடம் மட்டும் மிதந்தது. மாலையை நானே கட்டி அனுப்பினேன், என் மல்லியில்.

விசாரிக்க வந்தவர்கள் காலனியின் பெயரை மேலே ஏற்றச் சொன்னார்கள். அன்றே முதல் வரிக்கு ஏற்றினேன். குறியைப் பற்றி யாரும் கேட்கவில்லை. அது இருந்த இடத்திலேயே இருக்கிறது. மற்ற பெயர்கள் ஒரு வரி இறங்கி, பதினொன்றாவதில் இப்போது வேறோர் ஊர். யாராவது கடைசியில் இருந்துதானே ஆக வேண்டும்? மற்றபடி, நான் வேண்டுமென்று யாரையும் விட்டவளில்லை.

பேச்சு சுவாரசியத்தில் நீங்கள் எந்த ஊர் என்று கேட்கவே இல்லை, பாருங்கள். எந்த ஊராயிருந்தாலும், உங்கள் வீட்டுக் குடங்கள் என்றும் நிறைந்திருக்கட்டும், கண்ணுகளா.