வாசலிலேயே நிறுத்திய வரி

வேங்கிக்காலிலிருந்து ஊருக்குள் போகும் டவுன் பஸ்ஸில், என் முன் சீட்டில் இரண்டு பெண்கள். இளையவள் மடியில் லேப்டாப்.

“இந்த ஒரு வரிதான்க்கா எல்லாரையும் வாசல்லயே நிக்க வெச்சிடுது,” என்றாள் அவள். நான் காதிலிருந்த இயர்போனைக் கழற்றினேன்.

ரத்தம் கொடுப்பவர்களின் பட்டியலை இருவரும் ஒரு வெப்சைட்டில் வைத்திருக்கிறார்கள். நேற்று அதைப் புது சர்வருக்கு மாற்றினார்களாம். அதிலிருந்து, ஆஸ்பத்திரிகளில் ஒட்டியிருக்கும் பழைய லிங்க்கைத் திறந்தால் பட்டியல் வருவதில்லை, முகப்புப் பக்கம்தான் வருகிறது.

“பழைய லிங்க்க புது பக்கத்துக்குத் திருப்பணும்னு நேத்தே எழுதினியே?” என்றார் மூத்தவர்.

“எழுதினேன். ஆனா அதுக்கு மேல, எது வந்தாலும் முகப்புக்கு அனுப்புன்னு ஒரு வரி இருக்கு. சர்வர் மேலேருந்துதான் படிக்கும். நம்ம வரிக்கு வர்றதே இல்ல.”

“அப்ப அத அழிச்சிடு.”

“வேணாம்க்கா. நம்ம வரிய அதுக்கு மேல தூக்கி வெச்சா போதும்.”

“நிச்சயமா வருமா? காலைலேருந்து ரெண்டு பேரு போன் பண்ணி திட்டிட்டாங்க.”

“வரும். இப்ப பாருங்க.”

மூத்தவர் தன் போனில் பழைய லிங்க்கைத் தட்டினார்.

“வந்துடுச்சுடி! ஓ நெகட்டிவ்ல உன் பேருதான் முதல்ல இருக்கு.”

பஸ் இரண்டு நிறுத்தம் தாண்டியிருக்கும். இளையவளின் போன் அடித்தது.

“ஆமாங்க, நான்தான். எந்த வார்டுங்க? பத்து நிமிஷத்துல வந்துடறேன்.”

லேப்டாப்பை அக்காவின் மடியில் வைத்துவிட்டு, அடுத்த நிறுத்தத்தில் இறங்கி ஆட்டோவைக் கைகாட்டினாள்.