கோட்டுப் பையில் ஒரு கழுத்து

குளிர்காலத்தில் பிளாஸ்டிக்கை நம்பக் கூடாது, தம்பி. கோடையில் எவ்வளவு இழுத்தாலும் வளைந்து கொடுக்கும். பனி விழுந்துவிட்டால் அது பிஸ்கெட்.

என் மகன் எர்மெக்குக்கு இதைப் பலமுறை சொல்லியிருக்கிறேன். காதில் வாங்கமாட்டான். பிஷ்கெக்கிலிருந்து வரும் வழியில் வண்டியை நிறுத்தி, எஞ்சினைக் குளிர்விக்கும் கூலன்ட் ஊற்றி, மூடியை ஓங்கித் திருகியிருக்கிறான். மூடி உட்காரும் பிளாஸ்டிக் கழுத்து கையோடு வந்துவிட்டது. அதில் ஒரு துணியைச் சுற்றிக் கம்பியால் இறுக்கி, என் வாசலுக்கு வரும்போது வண்டி தேநீர் கொதிக்கும் சமோவார் மாதிரி ஆவி விட்டுக்கொண்டிருந்தது.

"ஒரே ஒரு சுத்துதாம்பா சுத்தினேன்."

"உங்கம்மாவும் ஊறுகாய் ஜாடியை உடைச்சிட்டு இதையேதான் சொல்லுவா," என்றேன். சிரித்தோம். அவன் மனைவி நுர்ஸாத்தும் சிரித்தாள். இதை எழுதிக்கொள்ளுங்கள். எங்களுக்குள் பகை எதுவும் இல்லை.

அக்மூர் வாசலுக்கு ஓடிவந்து, "அண்ணே வந்தாச்சு! அண்ணி வந்தாச்சு!" என்று குதித்தாள்.

உங்களுக்கு இதை விளக்க வேண்டியதில்லை. முதல் பிள்ளையைத் தாத்தா பாட்டிக்குக் கொடுப்பது நம் வழக்கம்தானே. எர்மெக்குக்கு அக்மூர் பிறந்து நாற்பது நாள் கழிந்ததும் குழந்தையைக் கையில் வாங்கிக்கொண்டாள் என் மனைவி சல்கின். அன்றிலிருந்து அக்மூருக்கு நான் அப்பா, சல்கின்தான் அம்மா. பெற்றவர்கள் அண்ணன், அண்ணி. சல்கின் போய்ச் சேர்ந்த பிறகு அந்த வீட்டில் நானும் அக்மூரும்தான். அவளுக்குத் தலை பின்னக்கூடக் கற்றுக்கொண்டேன். கிரீஸ் கையோடு பின்னினால் திட்டுவாள்.

அன்று சாப்பாட்டின்போது எர்மெக் ஆரம்பித்தான்.

"அப்பா, ருஷ்யாவுல எனக்கு நிரந்தர வேலை ஆயிருச்சு. இனி அங்கதான். அக்மூரையும் கூட்டிட்டுப் போறோம். நாளன்னைக்கு ராத்திரி ஃப்ளைட்."

"கொடுத்ததைத் திருப்பிக் கேக்குறியாடா?"

அவன் தட்டைப் பார்த்தான். பதில் சொன்னது நுர்ஸாத். என் முன்னால் குரலே உயர்த்தாத மருமகள். அப்போதும் உயர்த்தவில்லை. தேநீர் ஊற்றிக்கொண்டே சொன்னாள்.

"நாங்க கொடுக்கல மாமா. நீங்க எடுத்துக்கிட்டீங்க."

அக்மூர் ரொட்டியை மென்றுகொண்டே, "அண்ணே, அப்பாவும் நம்மகூட ஃப்ளைட்ல வர்றாரா?" என்று கேட்டாள். நுர்ஸாத் இன்னொரு ரொட்டியை அவள் தட்டில் வைத்தாள்.

நான் கோபப்படவில்லை. சரி, கூட்டிப் போங்கள் என்றேன். வண்டியைச் சரிசெய்து தருகிறேன் என்றேன்.

என் பட்டறைக் கொட்டகையில் இரண்டு கழுத்துகள் இருந்தன. அதே மாதிரி பழைய ஜெர்மன் வண்டிகளை உடைத்தபோது எடுத்து வைத்தவை. ஒன்று முழுசு. இன்னொன்றில் முடி அளவுக்கு ஒரு விரிசல். முழுசை என் கோட்டுப் பையில் போட்டுக்கொண்டேன். விரிசல் விட்டதை எடுத்துத் துடைத்து, மாவு போலப் பிசைந்து ஒட்டும் பசையை அந்த விரிசலில் அப்பி, உப்புத்தாளால் தேய்த்து, கறுப்பு பூசினேன். உங்கள் மேஜையில் சீல் வைத்த பைக்குள் இருக்கிறதே, அதுதான்.

மற்ற வேலையெல்லாம் சுத்தம். உடைந்த கழுத்தின் மிச்சத்தை எடுத்தேன். புது ரப்பர் வளையம் போட்டேன். போல்ட்டுகளை அளவாக முறுக்கினேன். கூலன்ட் ஊற்றி, காற்றெல்லாம் வெளியேறும்வரை எஞ்சினை ஓடவிட்டேன். அக்மூர் ஸ்டீயரிங் பின்னால் உட்கார்ந்து ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தாள்.

எர்மெக் எட்டிப் பார்த்தான். "இது தாங்குமாப்பா?"

"உன்னைவிடத் தாங்கும்."

"அப்ப சரி," என்று தோளில் தட்டிவிட்டுப் போனான்.

என் கணக்கு இதுதான். ஆறியிருக்கும்போது பசை பிடிக்கும். சூடேறி அழுத்தம் கூடினால் விட்டுவிடும். விமான நிலையத்துக்குப் போகும் வழியில் கணவாய் அடிவாரத்துத் தேநீர்க்கடை வரைக்கும் போவார்கள். அங்கே ஆவி அடிக்கும். கடையில் அடுப்பு இருக்கிறது, ஆள் இருக்கிறது. எனக்கு போன் வரும். கயிறு கட்டி இழுத்து வருவேன். விமானம் போய்விடும். அதற்குள் கணவாயைப் பனி மூடும். அடைந்து கிடக்கும் நாட்களில் மனசு மாறும். எனக்கு வேண்டியிருந்தது அவ்வளவுதான். இதில் யாருக்கு என்ன கெடுதல்?

ஃப்ளைட் அன்றைக்குக் காலையில் கிளம்பினார்கள். வழக்கப்படி மூவரும் ரொட்டியை ஒரு கிள்ளு கிள்ளி வாயில் போட்டார்கள். நான் கைகளை விரித்து, வழி வெள்ளையாக, தடையில்லாமல் இருக்கட்டும் என்று வாழ்த்தி, முகத்தைத் தடவிக்கொண்டேன். உள்ளங்கையில் பசை வாடை. அக்மூர் பின் கண்ணாடியில் மூக்கை அழுத்திக்கொண்டு கையாட்டினாள்.

அன்றைக்கு எதிர்க்காற்று, தம்பி. தொலோன் கணவாய்ப் பக்கமிருந்து வீசுகிற காற்று. ரேடியேட்டருக்கு நேரே அடித்ததில் எஞ்சின் சூடாகவே இல்லை. தேநீர்க்கடையைத் தாண்டிவிட்டார்கள். பசை நான் நினைத்ததைவிட நன்றாகப் பிடித்திருந்தது. என் கைவேலை அப்படி. மேலே, ஏற்றத்தில்தான் விட்டது.

நண்பகல் தாண்டி போன் வந்தது.

"அப்பா, அந்தக் கழுத்து போயிருச்சு. மொத்தத் தண்ணியும் ரோட்டுல. எஞ்சினும் நின்னுருச்சு, ஹீட்டர் வேலை செய்யல."

"வண்டியைவிட்டு எறங்காத. யாரு வண்டியிலயும் ஏறாத. நான் வர்றேன்."

"ஒரு நிலக்கரி லாரி நிக்குதுப்பா. ஏர்போர்ட் பக்கம்தான் போகுதாம், மூணு பேரையும் ஏத்திக்கிறேங்கிறான்."

"வண்டியை விட்டுட்டுப் போனா பார்ட் பார்ட்டா கழட்டிருவாங்கடா. அப்பன் வர்றேன்னு சொல்றேன்ல?"

லாரிக்காரர் உங்களிடம் சொல்லியிருப்பார். எர்மெக் அவரிடம், "எங்கப்பா வந்துக்கிட்டிருக்காரு அண்ணே, நீங்க போங்க" என்றானாம். சிறுவயதிலிருந்தே அப்படித்தான். நான் வருகிறேன் என்றால் நம்பிவிடுவான்.

உடனே ஏன் கிளம்பவில்லை என்று மூன்றாவது தடவையாகக் கேட்கிறீர்கள். நியாயமான கேள்விதான். யோசித்துப் பாருங்கள். உடனே போயிருந்தால் கழுத்தை மாற்று என்பான். நல்ல கழுத்து என் பையிலேயே இருக்கிறது. மாற்றினால் எஞ்சின் ஆறியதும் விமானத்தைப் பிடித்துவிடுவார்கள். அதனால் பானையில் ஆட்டுக்கறியைப் போட்டேன். மாவு பிசைந்தேன். மூன்று பேருக்கும் படுக்கை விரித்தேன். நடுங்கிக்கொண்டு திரும்பி வருகிறவர்களுக்கு வீடு சூடாக இருக்க வேண்டாமா?

மறுபடி போன் வந்தபோது மாவு தேய்த்துக்கொண்டிருந்தேன்.

"எங்கப்பா இருக்கீங்க?"

"வழியிலதாண்டா."

மாவுக் கட்டை உருளும் சத்தம் கேட்டிருக்க வேண்டும். "எந்த வழி? அடுப்பங்கரை வழியாவா?" என்று சிரித்தான். குளிரில் பல் தந்தியடித்ததில் சிரிப்பு துண்டு துண்டாக வந்தது. "அப்பா... பரவால்லப்பா. அக்மூரை இனி உங்ககிட்டேயிருந்து பிரிக்கல. நாங்களே அங்க வந்து இருந்துக்கிறோம். நீங்க வாங்க மொதல்ல."

அப்போது கிளம்பியிருக்கலாம். ஆனால் குளிரில் சொல்கிற வாக்கு வேறு, விமானத்தைத் தவறவிட்ட பிறகு சொல்கிற வாக்கு வேறு. நான் அவனைப் பெற்றவன், எனக்குத் தெரியாதா? மாவை முழுதாகத் தேய்த்து முடித்தேன். கறி வெந்ததும் கிளம்பினேன்.

அதற்குள் பனிப்புயல் பிடித்துவிட்டது. அடிவாரத்தில் சாலைத் தடுப்பை இறக்கியிருந்தார்கள். மேலே ஆட்கள் சிக்கியிருப்பதைத் தடுப்புக்காரரிடம் உடனே சொன்னேனா என்று கேட்டீர்கள். உடனே சொல்லவில்லை. சொன்னால் பனி தள்ளும் வண்டி அந்தப் பக்கத்திலிருந்து ஏறும், அவர்களை அந்தப் பக்கமே இறக்கிவிடும். அந்தப் பக்கம் என்றால் விமான நிலையம். புயல் கொஞ்சம் ஓயட்டும், நானே போய்விடலாம் என்று காத்திருந்தேன். பிறகு சொன்னேன். சொன்னபோது எந்த வண்டியாலும் ஏற முடியவில்லை. எர்மெக்கின் போனும் எடுக்கவில்லை.

விடிந்த பிறகு மீட்புக்காரர்கள் கண்ணாடியை உடைத்தார்கள். எர்மெக் முன் இருக்கையில். கோட்டு, சட்டை எல்லாவற்றையும் கழற்றிப் பின்னால் கொடுத்திருந்தான். நுர்ஸாத் பின் இருக்கையில். ஆடையைத் திறந்து அக்மூரை உடம்போடு சேர்த்து வைத்து, எல்லாவற்றையும் மேலே சுற்றியிருந்தாள். மீட்புக்காரர் ஒருவர் நுர்ஸாத்தின் விறைத்த கையை விலக்கப் போனபோது உள்ளேயிருந்து சத்தம் வந்ததாம்.

"மெதுவா. அம்மா தூங்குறாங்க."

அம்மா என்றாளாம். அந்த வண்டிக்குள் அவர்கள் என்ன பேசிக்கொண்டார்கள் என்று எனக்குத் தெரியாது. தெரிந்துகொள்ளவும் விரும்பவில்லை.

இதோ, நல்ல கழுத்து. அன்று முதல் கோட்டுப் பையிலேயேதான் இருக்கிறது. கையெழுத்து எங்கே போட வேண்டும்? விரிசல் விட்டதை வேண்டுமென்றே மாட்டினேன். வேண்டுமென்றே அவர்களை வண்டியிலேயே உட்கார வைத்தேன். வேண்டுமென்றே தாமதித்தேன். எழுதிக்கொள்ளுங்கள். என் மகன் என் வார்த்தையை நம்பித்தான் செத்தான். அதையும் எழுதிக்கொள்ளுங்கள். அவனைக் கழுவிக் கிடத்தியபோது கையைத் தொட்டுப் பார்த்தேன். என் தோளில் தட்டிய கை அது. கட்டை மாதிரி இருந்தது. அதற்குமேல் அதைப் பற்றிக் கேட்காதீர்கள்.

நேற்று ஆஸ்பத்திரியில் அக்மூரைப் பார்க்க விட்டார்கள். விரல்களில் கட்டு. தலை கலைந்து கிடந்தது. பின்னிவிடலாம் என்று பக்கத்தில் உட்கார்ந்தேன். என்னையே பார்த்துக்கொண்டிருந்தாள். பிறகு கேட்டாள்:

"தாத்தா, நீங்க ஏன் வரல?"

தாத்தா என்று கூப்பிடுகிறாள், தம்பி. குளிர்ஜுரம்தான். ஜுரத்தில் குழந்தைகள் எதையாவது உளறும். வீட்டுக்கு வந்து, நாலு நாள் என் கையால் சாப்பிட்டால் சரியாகிவிடும், பழையபடி அப்பா என்றுதான் கூப்பிடுவாள். அதனால் கொஞ்சம் சீக்கிரம் எழுதி முடியுங்கள். நான் வருகிறேன் என்று அவளிடம் சொல்லியிருக்கிறேன்.