நாலாவது சட்டை

இல்ல பாஸ், ஃபைல அப்புறம் எடுத்துக்கலாம், அது எங்கயும் ஓடிடாது. முதல்ல உக்காருங்க. பசியாறியாச்சா? பொய் சொல்லாதீங்க. பண்டமாரான்லேருந்து எட்டு மணிக்குக் கெளம்பி, பிரிக்ஃபீல்ட்ஸ்ல காடி நிறுத்த எடம் தேடி மூணு சுத்து சுத்தியிருப்பீங்க, எங்க பசியாறினீங்க? அண்ணே, இங்க ரெண்டு தோசை, ஒரு தே தாரிக். எனக்கு கோப்பி ஓ, சீனி கம்மியா.

திமோத்தி உங்ககிட்ட என்ன சொல்லி அனுப்பினான்? சம்பந்தம்னு ஒருத்தர் ஃபைலோட இருப்பாரு, வாங்கிட்டு உடனே கெளம்பிடு, பேச்சு மட்டும் குடுக்காதே. அப்படித்தானே? சிரிக்கிறீங்க. சரி, சிரிச்சது போதும், பதில் வந்துருச்சு.

நானே சொல்லிடறேன் பாஸ், அப்பத்தான் நமக்குள்ள சங்கடம் இருக்காது. நீங்க போற எடம் என் எடம். திமோத்தி, கிரிகரி, ராதாகிருஷ்ணன், நானு. கனடா கரையோரமா பதினாலு நாளு, ஒரு போட்ட வாடகைக்கு எடுத்து நாமளே ஓட்டிக்கிட்டுப் போய் சால்மன் புடிக்கிறது. நாலு வருஷத் திட்டம். இப்ப அவங்க மூணு பேரும் போறாங்க, நாலாவது ஆளு நீங்க. உங்க மேல எனக்குக் கோவம் இல்ல. இன்னைக்குத்தான் உங்க மூஞ்சியவே பாக்கறேன், அதுக்குள்ள எப்படிக் கோவப்படறது?

திமோத்திக்கு லோரி விடறீங்களாமே, போர்ட்ல? பதினெட்டு வருஷமா? அவன்கிட்ட பதினெட்டு வருஷம் தாக்குப் புடிச்சிருக்கீங்கன்னா கனடா ஒண்ணும் பெரிசில்ல.

எங்கிட்ட எப்படிச் சொன்னான்னு கேளுங்க. போன் பண்றான். குரலே குழையுது. சம்பந்தம், போட் கம்பெனிக்காரன் கடைசி நேரத்துல போட்ட மாத்திட்டான்பா, இதுல மூணு பேருக்குத்தான் படுக்க எடம் இருக்கு, என்ன பண்றதுன்னே தெரியலங்கறான். பாஸ், அந்தப் போட்ட தேர்ந்தெடுத்ததே நான். அதோட படத்த என் கையால வரைஞ்சு இந்த ஃபைல்ல வச்சிருக்கேன், பாருங்க, ரெண்டாவது பக்கம். முன்னால ரெண்டு பேரு, பின்னால ரெண்டு பேரு, நடுவுல மேசைய மடக்கினா இன்னும் ரெண்டு பேரு. ஆறு பேரு காலு நீட்டிப் படுக்கலாம். கம்பெனிக்கு ஈமெயில் போட்டேன். போட் மாறலன்னு அஞ்சு நிமிஷத்துல பதில் வந்துருச்சு. பொய் சொல்றதுக்கு உலகத்துல எவ்வளவோ விசயம் இருக்கு. எனக்கு காய்ச்சல் வரப்போவுதுன்னு கூடச் சொல்லியிருக்கலாம், நம்பியிருப்பேன். போயும் போயும் அந்தப் போட்டப் பத்தி எங்கிட்டயே சொல்றான்.

சரின்னுட்டேன். வேற என்ன சொல்றது? மூணு பேருதான்னா மூணு பேரு போய்ட்டு வாங்கன்னேன்.

ரெண்டு வாரம் கழிச்சு ரஃபீக் மெசேஜ் அனுப்பறாரு. ரஃபீக்கு, அதோ அந்த மோனோரயில் தூணு தாண்டி, டீ-ஷர்ட் அடிக்கிற கடை. நம்ம ஆளுங்க எங்க போனாலும் சட்ட அடிக்காம போவமா? லங்காவிக்கு ஒரு கலரு, மேடானுக்கு ஒரு கலரு, முதுகுல பேரு. எல்லா ஆர்டரும் என் பேர்லதான் போவும், அதனால மனுசன் பழக்கத்துல டிசைன எனக்கே அனுப்பிட்டாரு. முன்னால ஒரு மீனு துள்ளுது. பின்னால பேரு. திமோத்தி, கிரிகரி, ராதா, செல்வம். நாலு சட்ட, ஓகேவா சார்னு கேக்கறாரு.

அப்படித்தான் உங்க பேரு எனக்குத் தெரிஞ்சுது. நான் என்ன பண்ணினேன் தெரியுமா? அந்த மீன் சால்மனே இல்ல, வாலப் பாத்தா தெரியுது, வேற படம் போடுங்கன்னு எழுதினேன். மத்தபடி ஓகே. உங்க முதுகுல இருக்கற பேருக்கு ஓகே சொன்னது நான்தான் பாஸ்.

சாப்பிடுங்க, ஆறிடும்.

உங்கள ஏன் எடுத்தாங்கன்னு எனக்கு அப்பப் புரியல. இப்பப் புரியுது. வந்து கால் மணி நேரமாச்சு, நாலு வார்த்த பேசியிருக்கீங்க, அதுல ரெண்டு தேங்க்ஸ். நான் அப்படி இல்ல. ஒரு விசயம் தெரிஞ்சா சொல்லிடணும் எனக்கு. இப்ப மார்க்கெட்ல காலா மீன இந்தியன் சால்மன்னு விக்கிறாங்க பாருங்க, அதுக்கும் இதுக்கும் சொந்தமே கிடையாது, அது வேற குடும்பம் இது வேற குடும்பம். வாங்க வந்த அம்மாவுக்கு அது தேவையில்லதான். ஆனா அந்தம்மா பையில மீனப் போடறதுக்குள்ள நான் சொல்லி முடிச்சிருப்பேன்.

ரெண்டு வருஷம் முன்னால பூலாவ் கெத்தாம் தீவுக்குப் பின்னால மீன் புடிக்கப் போயிருந்தோம், திமோத்தி போட்ல, நாங்க நாலு பேரும். பத்தரைக்குத் தண்ணி எறங்க ஆரம்பிச்சிரும், திரும்பிடலாம்னு மூணு வாட்டி சொன்னேன். பேப்பர்ல எழுதியும் குடுத்திருந்தேன். அன்னைக்கு மீனு நல்லாக் கடிச்சுது, யாரு கேக்கறா? ரெண்டு மணிக்கு போட்டு சேத்துல உக்காந்துருச்சு. அஞ்சு மணி நேரம். நெழல் இல்ல. நான் என்ன பண்ணினேன், பேசினேன். கடல் ஏன் ஏறுது ஏன் எறங்குது, நிலாவுக்கும் இதுக்கும் என்ன, எல்லாம். திட்டினனா? சத்தியமா ஒரு வார்த்த திட்டல. எனக்குப் பயமா இருந்துச்சு பாஸ், அதான் பேசினேன். கிரிகரி துண்ட எடுத்து மூஞ்சியில போட்டுக்கிட்டான். வெயிலுக்குன்னு நெனச்சேன்.

ஒருத்தன் சொன்னது சரியாப் போச்சுன்னா அவனோட அஞ்சு மணி நேரம் உக்காந்திருக்கறது கஷ்டம்தான். பதினாலு நாளு இன்னும் கஷ்டம். எனக்கு அது புரியாம இல்ல.

இல்ல, என்ன வேணாம்னது திமோத்தி இல்ல. திமோத்தி பயந்தாங்கொள்ளி, அவனா முடிவெடுக்க மாட்டான். ராதாவ போன்ல புடிச்சேன். ராதாகிருஷ்ணனுக்குப் பொய் வராது, பேச்ச மாத்தப் பாப்பான், அவ்வளவுதான். யாருடா சொன்னதுன்னு கேட்டேன். மழையப் பத்தி ஆரம்பிச்சான். அப்புறம் சொன்னான். கிரிகரிதான்பா சொன்னான், எனக்குக் கடல் சத்தம் கேக்கணும், சம்பந்தம் சத்தம் வேணாம்.

கிரிகரி.

உங்களுக்கு அவனத் தெரியாது, இனிமேதான் தெரியும். அவன் சம்சாரம் பெர்னடெட் ரெண்டாயிரத்து இருபத்தொண்ணு ஜூலைல போனாங்க. கோவிட். ஆஸ்பத்திரிக்குள்ள விடல, மூஞ்சியக் கூடக் காட்டல, பெட்டிய நேரா கொண்டு போய்ட்டாங்க. மக செரீனா மெல்பர்ன்ல, வர முடியாது. கிள்ளான்ல அந்த ஃப்ளாட்ல இவன் ஒண்டி. செரீனா எனக்குப் போன் பண்ணி அழுவுது, அங்கிள், அப்பா என் போன எடுக்க மாட்டேங்கறாரு, பக்கத்து வீட்டுல வைக்கிற சோறு வைச்ச எடத்துலயே இருக்குதாம்.

நான் டெய்லி சாயங்காலம் ஆறு மணிக்கு அவனுக்குப் போன் அடிச்சேன். எடுத்தான், ஆனா பேச மாட்டான். மூச்சு மட்டும் கேக்கும். செத்தவங்களப் பத்தி நான் என்ன பேசறது? எனக்குக் கல்யாணமே ஆவல, எனக்கு அந்த வேதனை என்ன தெரியும். எங்கிட்ட ஒரு பழைய புஸ்தகம் இருந்துச்சு, கனடா கரையில கப்பல் ஓட்டறவங்களுக்கு எழுதினது. எந்தத் தீவுக்குப் பின்னால நங்கூரம் போடலாம், எங்க பாறை இருக்கு, அந்த மாதிரி. அத எடுத்துப் படிச்சுத் தமிழ்ல சொன்னேன். கிரிகரி, இன்னைக்கு நாம பன்னெண்டு மைல் போறோம், எடது பக்கம் ஒரு தீவு, மரமெல்லாம் தண்ணி வரைக்கும் எறங்கி நிக்கிது. மறுநாள் அங்கேருந்து அடுத்த பன்னெண்டு மைலு. அவன் மூச்சு மட்டும்.

பதினேழாவது நாளு கேட்டான், அங்க சால்மன் கெடைக்குமா?

இந்த ஃபைலு அந்தக் கேள்வியிலேருந்து வந்தது பாஸ். அப்புறம் திமோத்தி சேந்தான், ராதா சேந்தான், போட் வந்துச்சு, தேதி வந்துச்சு. அன்னைக்கு என் சத்தம் வேணும் அவனுக்கு. இப்ப நல்லாயிட்டான். ஒடம்பு சரியானப்புறம் மருந்து பாட்டில யாரு மேசை மேல வச்சிருக்கா?

கெளம்பறீங்களா? சரி சரி, நேரமாச்சு, போர்ட்ல வேல இருக்கும். இந்தாங்க ஃபைலு. ஒரு நாளுக்கு ஒரு கலர் ஒட்டியிருக்கேன். மீன் புடிக்கிற லைசென்ஸ் நாலு பேருக்கும் தனித்தனி. தூண்டி முள்ளுல மீனு நழுவாம புடிக்கிற எதிர்க்கொக்கி இருக்கக்கூடாது, சட்டம், இங்கேருந்து எடுத்துட்டுப் போறதா இருந்தா முன்னாடியே நசுக்கிடுங்க. நெத்திலி சம்பல் எடுத்துட்டுப் போங்க, ஆனா கரையில கரடி இருக்கற எடத்துல தெறக்காதீங்க. லைஃப் ஜாக்கெட்ட ராதா கழட்டிக் கழட்டி வைப்பான், சத்தம் போடுங்க. போட் குடுக்கறவரு முதல் நாளு கூட வந்து பழக்கி விடுவாரு. அதுக்கப்புறம் நீங்களும் திமோத்தியும்தான் மாத்தி மாத்தி ஓட்டணும்.

ஒம்போதாவது நாளு மட்டும் கவனம். பச்சக் கலரு. ரெண்டு மலைக்கு நடுவுல கடல் ஒடுங்கிப் போவும், வாய்க்கா மாதிரி. கிள்ளான்ல தண்ணிய தப்பாக் கணக்குப் போட்டா சேத்துல உக்காருவோம், அவ்வளவுதான். அங்க தப்பாப் போட்டா சுழி. உங்க லோரி நீளத்துக்கு மரம் மெதந்து வரும், அத உள்ள இழுத்து அப்பால போய்த் துப்புமாம். ஏத்தத்துக்கும் எறக்கத்துக்கும் நடுவுல தண்ணி ஒரு பத்து நிமிஷம் சும்மா நிக்கும் பாருங்க, அப்பத் தாண்டிடணும். எப்ப நிக்கும்னு நான் எழுதியிருக்கேன். போனா? அங்க லைனு கெடையாது பாஸ். கெடைச்சாலும் திமோத்தி பாக்க மாட்டான். பூலாவ் கெத்தாம் சேத்துக்கு அப்புறம் அவனுக்கு என் பேப்பர் வேதவாக்கு. நான் எட்டு பத்துன்னு எழுதியிருந்தா எட்டு பத்துக்கு எஞ்சின முடுக்குவான்.

சரி, வாங்க. பத்திரமாப் போய்ட்டு வாங்க.

பாஸ். செல்வம். ஒரு நிமிஷம் உக்காருங்க. பேனா வச்சிருக்கீங்களா? இந்தாங்க, என் பேனா.

பச்சப் பக்கத்தத் தெறங்க. எட்டு பத்துன்னு இருக்கா? அத அடிச்சுட்டு ஒம்போது பத்துன்னு போடுங்க. கீழ மத்தியானத்துக்கு ஒண்ணு இருக்கும், ரெண்டு இருவது, அதயும் மூணு இருவதாக்குங்க. பதினோராவது நாளுலயும் அதே மாதிரி ஒரு எடம் இருக்கு, அங்கயும் ஒரு மணி கூட்டுங்க. அந்த ஊரு ஏத்த எறக்கப் பட்டியல்ல குளிர்கால நேரத்தத்தான் அச்சடிப்பாங்க. ஆகஸ்டுல அவங்க கடிகாரம் ஒரு மணி நேரம் முன்னால ஓடும். நான் பட்டியல்ல இருந்தத அப்படியே எழுதிட்டேன்.

எட்டு பத்துக்குப் போனா தண்ணி நின்னிருக்காது. ஆமா. நல்லா ஓடிக்கிட்டிருக்கும். கிரிகரிக்கு நீச்சலும் தெரியாது.

எழுதுங்க, என்னப் பாக்காதீங்க. இது எப்படி விட்டுப் போச்சுன்னு திமோத்தி கேப்பான். சம்பந்தம் மறந்துட்டாரு, வயசாச்சுல்லன்னு சொல்லிடுங்க. நம்பிடுவான். கிரிகரியும் நானும் ரயில்வேல டைம்டேபிள் செக்சன், எதிர் எதிர் மேச. எம்பத்தி ரெண்டு ஜனவரி ஒண்ணாந்தேதி இந்த நாட்டுல கடிகாரத்த அரை மணி முன்னால தள்ளினாங்க. ஓடிக்கிட்டிருந்த ரயிலெல்லாம் ஒரே நிமிஷத்துல அரை மணி லேட்டாயிருச்சு. அத்தனையையும் திருத்தி எழுதினது நாங்க ரெண்டு பேரு. எனக்கு இருவது வயசு. ஒரு ஸ்டேசன் விடல.

அதனால நான் மறந்துட்டேன்னு நீங்க சொன்னா, கிரிகரி நம்ப மாட்டான். பரவால்ல, நீங்க அப்படியே சொல்லுங்க.