பொன்னாடை காத்திருக்கட்டும், பாட்டு வரட்டும்

நம் சங்கத்தின் ஆண்டு விழாவுக்குத் தலைமை ஏற்று, மேசை மணியைக் கைக்கெட்டும் தூரத்தில் வைத்திருக்கும் பெரியவர் ஜம்புநாதன் அவர்களே! சாங்வியிலிருந்து சாரல் மழையில் சாரை சாரையாக வந்திருக்கும் சான்றோர்களே! வாகட்டின் வாகன நெரிசலை வென்று வந்த வீரர்களே! அடுப்பை அணைத்தோமா என்ற கவலையோடே அமர்ந்திருக்கும் அன்புத் தாய்மார்களே! முன்வரிசையில் மாப்பிள்ளை வீட்டாரைப் போல விறைப்பாக உட்கார வைக்கப்பட்டிருக்கும் சைரன் இசைக்குழுவினரே! வங்கியில் வாயடக்கி, மேடையில் மட்டும் வாய் திறக்கும் வேதநாயகியின் வணக்கம்!

சைரனுக்குப் பொன்னாடை போர்த்திப் பேசு என்று என்னை அழைத்தார்கள். நிகழ்ச்சி நிரலைப் பார்த்தேன். பொன்னாடை இருக்கிறது. நினைவுப் பரிசு இருக்கிறது. டிஜே இருக்கிறது. பாவ் பாஜிகூட இருக்கிறது. பாட்டு எங்கே ஐயா? ஆண்டுதோறும் இந்த மேடையை அதிரவைத்தவர்களின் பாட்டு எங்கே? கேட்டால், "அவங்களுக்கு வயசாச்சு மேடம், மரியாதை பண்ணி அனுப்பிடலாம்" என்கிறார்கள். அடடா! பாடுகிறவரை வாய்மூட வைக்க இதைவிடப் பளபளப்பான வழி உண்டா?

என்ன தம்பி? சுருக்கமாகப் பேசவா? அது எனக்கு வராத கலை. உட்காருங்கள்.

கிர்க்கியில் படைக்கலத் தொழிற்சாலைக் குடியிருப்பில் பிறந்தவள் நான். காலையில் ஆலைச் சங்கு ஊதும். அது ஓய்வதற்குள் அப்பா கேட்டைத் தாண்டவில்லை என்றால் அன்றைய அரைச் சம்பளம் போச்சு. அந்தச் சத்தத்தையே பெயராக வைத்து, அங்கே வேலை பார்த்தவர்களின் பிள்ளைகள் தொடங்கிய ராக் இசைக்குழு இது. ஜெபகுமார் அண்ணன் பாட, இர்பான் அண்ணன் டிரம்ஸ் அடிக்க, 'கேட்டு மூடப் போகுது' என்ற பாட்டு எங்கள் மைதானத்தில் முதன்முதலாக முழங்கியது. முடிவில் அந்தச் சங்கைப் போலவே ஜெபகுமார் அண்ணன் உச்சத்தில் ஒரு ஊளை விடுவார். கல்லூரிக்காரி நான் நாற்காலி மேல் ஏறி ஆடினேன். "ஏய், எறங்குடி! அப்பா பாக்குறாரு!" என்று அம்மா தாவணியைப் பிடித்து இழுத்தாள். அப்பா என்னைப் பார்க்கவில்லை. மேடையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு எனக்கும் ரசனை வளர்ந்ததாம்! ஔந்தில் வீடு, பெரிய ஸ்பீக்கர், வெளிநாட்டு இசை. சைரனின் பழைய கிட்டார்காரர் துபாய்க்குப் போனார். ஜெபகுமார் அண்ணனின் மகள் ஜெனிபர் கிட்டாரை எடுத்தாள். "இது சைரன் இல்ல, சைக்கிள் மணி" என்று நான் கிண்டலடித்தேன். சிரிக்காதீர்கள், அன்று நீங்களும் சேர்ந்துதான் சிரித்தீர்கள்!

போன வருடம் சாங்வியில் ஒரு கல்யாண வரவேற்பு. அண்ணனுக்குத் தொண்டையில் அறுவை சிகிச்சை முடிந்திருந்த நேரம். அதே பாட்டு. ஆனால் வேகம் பாதி, குரல் பாதி. என் பக்கத்து இலைக்காரர், "ஐயோ பாவம், போச்சு" என்றார். நானும் அப்பளத்தை நொறுக்கிக்கொண்டுதான் கேட்டேன். அந்த உச்சம் வந்தது. ஊளை வரவில்லை. மைக்கில் மூச்சு வாங்கும் சத்தம் மட்டும் வந்தது.

என் கை அப்படியே நின்றுவிட்டது. ஏன் தெரியுமா? அது என் அப்பாவின் மூச்சு! சைக்கிளை மிதித்து மிதித்து, கேட்டுக்குள் நுழைந்து, தூணைப் பிடித்துக்கொண்டு நிற்பாரே, அந்த மூச்சு. இத்தனை காலம் அந்தப் பாட்டைத் தொண்டை கிழியக் கத்தியிருக்கிறேன். அது என் வீட்டுப் பாட்டு என்று அன்றுதான் என் காதில் விழுந்தது. அப்பா போய்ச் சேர்ந்த பிறகு விழுந்தது. பந்தியில் உட்கார்ந்து அழுதேன், வெட்கமில்லாமல் அழுதேன்.

பாட்டு முடிந்ததும் போய்க் கேட்டேன். "அண்ணே, அந்த எடத்துல ஏன் பாடல?"

"பாடத்தாம்மா போனேன். மூச்சுதான் வந்துச்சு. ஓடி வந்தவனுக்கு மூச்சுதானே வாங்கும்னு விட்டுட்டேன்" என்றார்.

இளமையில் இவர்களின் வேகம் பிடித்தது. நடுவயதில் எதுவுமே பிடிக்கவில்லை. இன்று இவர்கள் நிற்கிற இடம் பிடிக்கிறது. குழு வளர்ந்ததா, என் காது வளர்ந்ததா? இரண்டும்தான் என்பேன்!

இன்று மாலை வாசலில் அண்ணன் என் கையைப் பிடித்துக் கேட்டார்: "போத்திட்டா அவ்வளவுதானாம்மா? இனிமே கூப்பிட மாட்டாங்களா?" பொன்னாடையை வாங்கி இப்படித் தோளில் போட்டுக்கொண்டு மேடையேறிவிட்டேன்.

இதோ, தலைவர் மணியில் கை வைத்துவிட்டார். ஐயா, பொறுங்கள். எனக்குக் கொடுத்த நேரத்தில் பாதி மீதமிருக்கிறது. மைக்கை விட்டு நானாக இறங்கியதாக இந்தச் சங்கத்தில் சரித்திரமே இல்லை. இன்று இறங்குகிறேன். அந்தப் பாதி நேரம் சைரனுக்கு! ஜெனிபர், கிட்டார் எங்கேம்மா?

"கார் டிக்கியிலதான் இருக்கு ஆன்ட்டி! எப்பவும் இருக்கும்!"

ஓடு, எடுத்து வா! இர்பான் அண்ணே, டிரம்ஸ்?

"பிளாஸ்டிக் நாற்காலி போதும்மா, தட்டிக்கிறேன்!"

கேட்டீர்களா! தலைவர் மணியிலிருந்து கையை எடுத்துவிட்டார், வாழ்க! பொன்னாடை மடித்தபடியே என் தோளில் கிடக்கட்டும். அவர்களாகப் போதும் என்று சொல்லும் நாளில் போர்த்துகிறேன்.

பொறுமையாகக் கேட்ட உங்களுக்கு நன்றி, மழைக்கும் நன்றி, மணிக்கும் நன்றி. ஒரே ஒரு விண்ணப்பம். பாட்டின் முடிவில் அண்ணனுக்கு மூச்சு வாங்கும். பதறி யாரும் தண்ணீர் கொண்டு ஓடாதீர்கள். அதுதான் பாட்டு.

வணக்கம். வாங்கண்ணே, மேடைக்கு வாங்க!