கனகசிங்கம் பூட்டின குழாய்

பாரும், பாரும், நல்லா லைற் அடிச்சுப் பாரும் தம்பி. உந்தக் குழாயைத்தான் ஒரு மனிசன் ஒரு கிழமையா மினைக்கெட்டுப் பூட்டினவர். பேர் கனகசிங்கம். ஓம், கனகசிங்கம். லைசென்ஸ் உள்ள ஆள்தான். லைசென்ஸ் இருந்து என்ன பிரயோசனம், கோலத்தைப் பாருமன். கொறிடோருக்கு நடுவாலை சொட்டுச் சொட்டா ஒழுகுது. காலமையிலையிருந்து ரெண்டு வாளி மாத்திட்டன்.

அந்த அறைக் கதவைச் சாத்தாதையும், திறந்தபடி கிடக்கட்டும். ஏன் கத்திறியள் எண்டோ? எனக்குக் காது கொஞ்சம் மந்தம், இப்பிடித்தான் கதைப்பன். நீரும் உரத்துக் கதையும். உம்மடை கொம்பனிக்குப் போன் எடுத்தா அரை மணித்தியாலம் பாட்டுப் போடுறாங்கள். பிறகு ஒரு பெட்டை வந்து பிரெஞ்சிலை என்னவோ கேக்கிறாள். தமிழ்ப் பெடியன் ஒருத்தனை அனுப்பு பிள்ளை, இல்லாட்டி ஒருத்தரும் வேண்டாம் எண்டு அடிச்சுச் சொல்லித்தான் உம்மை எடுத்தது.

முந்திப் பார்க் எக்ஸ்டென்ஷனிலை வாடகைக்கு மூண்டாம் மாடியிலை ஒரு காத்தாடியோடை சீவிச்சனாங்கள் தம்பி. கர்க்லாண்டிலை வீடு வாங்கினவுடனை சீலிங்குக்கை ஒளிச்சு வைக்கிற ஏசி வேணுமாம். உந்தத் தொங்கிற பெட்டிக்குப் பேர் ஃபான் கொயிலாம். ஆர் கேட்டது? எல்லாம் அந்தக் கனகசிங்கத்தின்ரை யோசினை. நாலு கம்பியிலை தொங்குதெல்லோ, நாலும் ஒரு நூல் பிசகாது. ஒவ்வொண்டுக்கும் ரப்பர்த் துண்டு வேறை. சத்தம் வரக்கூடாதாம். சத்தம் வரேல்லைத்தான், தண்ணியெல்லோ வருது!

என்ன, தண்ணி கூடினா மெசினை நிப்பாட்டிற சுவிட்ச் இல்லையோ? எங்காலை இருக்கும்? வெளி மெசின் கொண்டுவந்த வெள்ளைக்காரன் அது ஒண்டு போடு எண்டு படிச்சுப் படிச்சுச் சொன்னவன். அதுக்குக் கனகசிங்கம் என்ன சொன்னவர் தெரியுமோ? என்ரை குழாயிலை தண்ணி நிண்டால்தானே சுவிட்ச் வேணும் எண்டார். தலைக்கனம். சீ, உப்பிடியான ஆக்களை எனக்குக் கண்ணிலை காட்டக்கூடாது.

குழாய் ஏன் உப்பிடிச் சுத்திப் போகுது எண்டோ? அது நான்தான். நேராப் போனா பன்ரண்டு அடி, ஆனா சாமியறைக்கு மேலாலை போகும். முருகன்ரை தலைக்கு மேலாலை கழிவுத் தண்ணி போகலாமோ? விடமாட்டன் எண்டிட்டன். மூண்டு நாள் சண்டை. அது கழிவுத் தண்ணி இல்லையாம், காத்திலையிருந்து வாற தண்ணியாம், குடிக்கவும் ஏலுமாம். அப்ப நீங்களே குடியுங்கோ எண்டன். பூட்டி முடிய ஒரு கிளாசிலை பிடிச்சுக் குடிச்சும் காட்டினவர், விசர் மனிசன்.

சுத்திப் போனா முப்பது அடி. தண்ணி தானா இறங்கி ஓட முப்பது அடிக்கும் வாட்டம் வரவேணுமெல்லோ, ஆறு இஞ்சி இடத்துக்கை. சீலிங்குக்கை தவண்டு தவண்டு, கேத்திலாலை தண்ணி ஊத்திறதும், மற்றப் பக்கம் ஓடிப்போய்ப் பாக்கிறதும், திரும்பக் கழட்டிறதும். அவ்வளவு எடுப்பு எடுத்தும் இப்ப என்ன? வாளி வைச்சுக்கொண்டு நிக்கிறன். உது வாட்டம் பிழைதானே? உரத்துச் சொல்லும் தம்பி. கனகசிங்கத்துக்கு வாட்டம் எடுக்கத் தெரியாது எண்டு சொல்லும்!

என்ன, மட்டம் வைச்சாச் சரியாக் காட்டுதோ? அப்ப உம்மடை மட்டம் பழுதாக்கும்.

எங்கை இறங்கிறீர்? உடுப்புத் தோய்க்கிற அறைக்கோ? அங்கை ஒண்டுமில்லைத் தம்பி. ஓம், குழாய் அங்கைதான் போய் முடியுது, அதுக்கென்ன? மேலை பாரும் எண்டா கீழை போறீர். சொல்வழி கேளாத பிள்ளை.

சரி. இழுத்து எடும். ஓம், துணிதான். எலி கொண்டுவந்து வைக்கேல்லை. என்ரை பழைய சட்டைத்துணி. நேற்றுப் பின்னேரம் நான்தான் கூட்டிற தும்புத்தடிப் பிடியாலை உள்ளுக்குத் தள்ளினனான்.

அப்பிடிப் பாக்காதையும், எனக்கு விசர் இல்லை. இப்ப மெல்லக் கதையும். எனக்குக் காது நல்லாக் கேக்கும்.

அந்தத் திறந்து கிடக்கிற அறைக்கை கட்டிலிலை படுத்திருக்கிறவர்தான் கனகசிங்கம். என்ரை மனிசன். மார்ச் மாசம் பாரிசவாதம் அடிச்சது. கதைக்கலாம், முயற்சி எடுக்கவேணும் எண்டு டொக்டர் சொல்லுறார். மனிசன் எடுக்கிறாரில்லை. தெரப்பிக்கு வாற பிள்ளை படம் காட்டி, ஆப்பிள் சொல்லுங்கோ, பூனை சொல்லுங்கோ எண்டு பிரெஞ்சிலை கெஞ்சுறாள். இவர் சுவரைப் பாக்கிறார். பிள்ளையள் வந்து அழுதுகள். நானும் அழுதன், முருகனுக்கு நேத்தி வைச்சன். ஒண்டுமில்லை. எனக்குப் பயமாக் கிடக்குத் தம்பி.

ஆர் என்ன சொன்னாலும் பேசாமல் கேட்டுக்கொண்டிருக்கிற மனிசன், தன்ரை வேலையிலை பிழை எண்டா மட்டும் பொறுக்கமாட்டார். சோத்துக் கோப்பையை அப்பிடியே வைச்சிட்டு எழும்பிச் சண்டைக்குப் போவார். அதுதான் இந்தத் துணி. முப்பத்தாறு வருசத்திலை நான் அவரைப் பேர் சொன்னதில்லை. இண்டைக்கு எத்தினை தரம் சொல்லிப்போட்டன், கேட்டீர்தானே. அதுக்கும் ஒரு முனகல் இல்லை. நான் ஏசிறது அவருக்குப் பழகின சத்தம்.

உதைப் பூட்டி ஒம்பது வருசம் தம்பி. ஒரு துளி ஒழுகேல்லை.

அந்தத் துணியைக் குப்பைக்கை போட்டிட்டுக் கையைக் கழுவிக்கொண்டு வாரும். அவருக்கு நேர முன்னாலை நிண்டு, ஐயா, வாட்டம் பிழை, உதை முழுக்கக் கழட்டிப்போட்டு சாமியறைக்கு மேலாலை நேரா விடப்போறன் எண்டு சொல்லும். தொழில் தெரிஞ்ச ஆள் சொன்னால்தான் அவருக்குச் சுடும். அடிப்பார் எண்டு பயப்படாதையும், வலக்கை தூக்க ஏலாது. ஏசினார் எண்டா மட்டும் அரைவாசியிலை வெளிக்கிட்டுப் போயிடாதையும், என்ரை ராசா. எவ்வளவு தூஷணம் எண்டாலும் முழுக்கக் கேட்டுக்கொண்டு நில்லும்.