குழலை முதலில் வானத்துக்குக் காட்டு

மாலை ஐந்தரைதான். ஆனால் மொன்டானாவில் நவம்பர் மாதத்து ஐந்தரை என்றால் கும்மிருட்டு. ஹாவர் ஊரிலிருந்து தெற்கே மலைப்பக்கம் ஏறும் சரளைச் சாலை... இருபுறமும் அறுத்துவிட்ட கோதுமை வயல். வீடு கிடையாது. விளக்கு கிடையாது.

கொஞ்சம் அடுப்புப் பக்கம் தள்ளி உட்காருங்கள். இது யாருக்கோ எங்கேயோ நடந்ததில்லை. கூடாரத்து மூலையில் வாய் திறக்காமல் உட்கார்ந்திருக்கிறானே டுவேன், அவன் மாமனாருக்கு நடந்தது. பொய்யென்றால் அவனே சொல்லட்டும்.

மாமனார் பெயர் ஓர்வல் ட்வைட். அன்று தேவாலயத்தில் புதன்கிழமை விருந்து. சாப்பிட்டுவிட்டுத் தனியாக வண்டி ஓட்டி வருகிறார். வளைவில் ஓர் ஆள். ஆரஞ்சு நிற வேட்டைச் சட்டை. தோளில் துப்பாக்கி. கை காட்டவில்லை... சும்மா நின்றான்.

அந்தக் குளிரில் வழியில் நிற்பவனை விட்டுப் போனால் விடிவதற்குள் விறைத்துவிடுவான். பகையாளியானாலும் நிறுத்துவார்கள். ஓர்வலும் நிறுத்தினார்.

கதவு திறந்தது... மூடியது. முதலில் வந்தது வாசனை. உருகிய ஈயத்தில் கசடு பிரிய மெழுகுவத்தித் துண்டைப் போட்டால் குப்பென்று கிளம்புமே, அது. ஓர்வல் ஒரு வருஷமாக ஈயச் சட்டியை அடுப்பில் ஏற்றவே இல்லை.

"அவகிட்ட சொன்னியாடா?" என்றது பக்கத்துக் குரல்.

ஓர்வல் திரும்பவில்லை. திரும்பிப் பார்க்கத் தேவையும் இல்லை. அது லைல் ஹாகனின் குரல். லைலின் சவப்பெட்டியைத் தூக்கியவர்களில் ஓர்வலும் ஒருவர்.

என்ன நடந்தது என்றால்... முந்தின வருஷக் கோடையில், அதே தேவாலய விருந்தில் லைல் ஒரு கேலி செய்தார். ஓர்வல் தானே ஈயம் உருக்கி, அச்சில் ஊற்றிக் குண்டு செய்பவர். பழைய காலத்துப் பெரிய துப்பாக்கிகளுக்குச் சுற்றுவட்டாரத்தில் எல்லோரும் அவரிடம்தான் வருவார்கள். லைல் எழுந்து நின்று சொன்னார்: "நம்ம ஓர்வலோட குண்டு ரொம்ப சாது. மானுக்கு வணக்கம் சொல்லி, உள்ள வரலாமான்னு கேட்டுட்டுத்தான் போகும்!" கூடம் முழுக்கச் சிரிப்பு. போதகர்கூடச் சிரித்தார். ஓர்வலும் சிரித்தார். பல்லால் மட்டும்.

அடுத்த மாதம் லைலுக்குத் தோளில் அறுவைச் சிகிச்சை. வேட்டைக்காலம் தொடங்கும் நேரம் பார்த்து ஓர்வலின் கொட்டகைக்கு வந்தார்.

"தோளுக்குள்ள ஆணி அடிச்சு வச்சிருக்கான்டா டாக்டர். எங்கப்பாவோட துப்பாக்கி கழுத மாதிரி ஒதைக்குது. வெடிமருந்தக் கொறச்சு நாலு தோட்டா பண்ணிக் குடேன்."

"சாதுவான குண்டா? வணக்கம் சொல்றதா?"

"அட, இன்னுமா அதையே புடிச்சுத் தொங்கிட்டிருக்க? வாய் தவறிடுச்சு, விடுறா."

ஓர்வல் செய்து கொடுத்தார். ஒரு குறையும் சொல்ல முடியாத வேலை. வெள்ளி மாதிரி மின்னும் குண்டுகள், ஈரத்துணியில் சொய்ங்... சொய்ங்... என்று விழுந்தன. துளி மருந்து, நிறுத்துப் போட்டது. லைல் பெட்டியை வாங்கிக்கொண்டு வாசலில் நின்றார்.

"வேற ஏதாச்சும் நான் தெரிஞ்சுக்கணுமா?"

ஓர்வல் அடுப்புப் பக்கம் திரும்பிக்கொண்டார். "காலமெல்லாம் சுடுற. ஒனக்குத் தெரியாததா எனக்குத் தெரியப்போவுது?"

தெரிந்துகொள்ள வேண்டியது ஒன்று இருந்தது. பெரிய பானையில் ஒரு பிடி அரிசி கிடப்பதுபோல், அந்தப் பெரிய தோட்டாவுக்குள் துளி மருந்து அங்குமிங்கும் ஓடும். அதனால் சுடுமுன் ஒவ்வொரு தடவையும் குழலை வானத்துக்குக் காட்ட வேண்டும். மருந்து சரிந்து அடியில் உட்காரும். அப்புறம் மெல்ல இறக்கிச் சுட வேண்டும். மேட்டில் நின்று பள்ளத்தைப் பார்த்து அப்படியே சுட்டால் மருந்து முன்பக்கம் ஓடிவிடும். பொறி சரியாகப் பற்றாது. குண்டு குழலின் பாதியில் நின்றுவிடும். இதைச் சொல்ல ஒரு மூச்சு போதும். அந்த ஒரு மூச்சைத்தான் ஓர்வல் கொடுக்கவில்லை. சாகட்டும் என்று நினைக்கவில்லை, பாவம். திணறட்டும், திரும்பி வந்து கேட்கட்டும் என்றுதான் நினைத்தார்.

லைல் மேட்டில் நின்றார். கீழே ஓடைக்கரையில் எல்க் மான். சுட்டார். டமார் இல்லை... தொப். அவ்வளவுதான். மான் அசையவில்லை. சாதுக் குண்டு மண்ணில் விழுந்துவிட்டது என்று நினைத்திருப்பார். பையில் கிடந்த கடைத் தோட்டாவை, முழு மருந்து போட்டதை, எடுத்துப் போட்டுச் சுட்டார். குழல் உரித்த வாழைப்பழத் தோல்போல் விரிந்துவிட்டது. முகம்... வேண்டாம்.

தேடிப் போனவர்களில் ஓர்வலும் இருந்தார். புல்லில் கிடந்த முதல் தோட்டாவின் காலிக் கூட்டை அவர்தான் பார்த்தார். உள்ளே எரியாத மருந்து, மஞ்சள் மஞ்சளாக. யாரும் பார்க்காதபோது சட்டைப் பையில் போட்டுக்கொண்டார்.

"குழல்ல ஏதோ அடச்சிருக்கு" என்றார்கள் காவலர்கள். லைலின் மனைவி மார்லிஸ் அதைக் கேட்டதும் உட்கார்ந்துவிட்டாள். முந்தின நாள் அந்தக் குழலைத் துணி விட்டுத் துடைத்தது அவள்தான். அவருக்குத் தோள் வலி என்று அன்பாகச் செய்த வேலை. "துணிய உள்ளயே விட்டுட்டேன்... நாந்தான் கொன்னுட்டேன்..." ஊரே ஆறுதல் சொன்னது. ஓர்வலும் சொன்னார்.

ஒரு வருஷம் அப்படியே போனது.

"சொன்னியாடா?" வண்டிக்குள் குரல் மறுபடி கேட்டது. கோபம் இல்லை அதில். "ராத்திரியெல்லாம் எழுந்து ஒக்காந்து துணிய எண்ணுறாடா. தொவைக்கிறா, காயப்போடறா, மறுபடி எண்ணுறா. ஒண்ணு கொறையுதுங்கறா."

ஓர்வலின் கை தானாகவே மார்லிஸ் வீட்டுப் பாதைக்கு வண்டியைத் திருப்பியது.

மார்லிஸ் கதவைத் திறந்தாள். "வா ஓர்வல். இந்தக் குளிர்ல என்ன? ஒக்காரு, காபி இருக்கு."

அவர் உட்காரவில்லை. தொப்பியைக் கையில் பிடித்தபடி நின்றார். "துணி இல்ல மார்லிஸ். துணியே இல்ல. என்னோட தோட்டா." எல்லாவற்றையும் சொன்னார். பையிலிருந்து காலிக் கூட்டை எடுத்து மேசையில் வைத்தார்.

அவள் அதைக் கவிழ்த்தாள். மஞ்சள் மணிகள் நாலைந்து விழுந்தன. விரல் நுனியால் அவற்றை ஒன்றாகக் கூட்டினாள்.

"ஒவ்வொரு ஞாயித்துக்கெழமையும் எனக்குப் பின்வரிசையிலதான ஒக்காந்திருந்த."

"ம்."

"என் கோட்டப் புடிச்சு மாட்டிவிட்ட."

"...ம்."

அவள் சன்னல் வழியாக வெளியே நின்ற வண்டியைப் பார்த்தாள். பிறகு ஓர்வலுக்கு ஒரு கோப்பை காபி வைத்துவிட்டு, இன்னொரு கோப்பையில் ஊற்றி எடுத்து, சால்வையைப் போர்த்திக்கொண்டு வெளியே போனாள். ஓர்வல் சன்னலருகே நின்று பார்த்தார். வண்டியின் பக்கத்துக் கதவைத் திறந்தாள். உள்விளக்கு எரிந்தது. இருக்கையில் எவரும் இல்லை. அவள் தலையாட்டிப் பேசினாள்... கேட்டாள்... ஒரு தடவை சிரித்தாள். ஒரு வருஷத்துக்குப் பிறகு அந்தச் சிரிப்பு. கதவை மெல்லச் சாத்திவிட்டு வந்தாள். கோப்பை காலி. உள்ளே, அடி வரைக்கும் பனி பூத்திருந்தது.

"அவரு ஒன்ன மன்னிச்சுட்டாராம்."

ஓர்வலுக்குக் கண் கலங்கியது.

"நான் இன்னும் இல்ல" என்றாள் மார்லிஸ். "ஜெபம் பண்ணிப் பாக்கறேன். இனிமேலும் பண்ணுவேன். இப்ப வரல, ஓர்வல். நான் மன்னிக்கற வரைக்கும் ஒங்கூடயே வண்டியில வர்றேன்னாரு. சரின்னுட்டேன். ஒனக்கும் வயசாச்சு, இருட்டுல கண்ணு தெரியறதில்ல. தொணைக்கு ஆள் இருக்கட்டும். காபியக் குடிச்சுட்டுப் போ, ஆறுது."

அவர் குடித்தார். அந்த வீட்டில் அதற்குப் பிறகு துணி எண்ணும் சத்தம் இல்லை. ஒரு வார்த்தை, ஒரு வருஷம் முந்திச் சொல்லியிருந்தால் அவளுக்கு ஒரு வருஷத்துத் தூக்கம் மிஞ்சியிருக்கும்.

மார்லிஸ் போன வசந்தத்தில் இறந்துபோனாள். சேதி கேட்டு ஓர்வல் ஆஸ்பத்திரிக்கு ஓடினார். போய்ச் சேருவதற்குள் மூச்சு நின்றுவிட்டது. கடைசியில் மன்னித்தாளா... கேட்க ஆளில்லை. கோடையில் ஓர்வலும் போய்ச் சேர்ந்தார். வண்டி மருமகன் கைக்கு வந்தது.

இன்று உங்களைக் கூட்டி வந்ததே, அதே வண்டிதான். முன்னால் இடம் இருந்தும் டுவேன் உங்கள் இருவரையும் பின்னால் திறந்த பெட்டியில் ஏற்றினான். வழியெல்லாம் அவனைத் திட்டிக்கொண்டே வந்தீர்கள். அந்த வண்டியில் ஆள் உட்கார்ந்து பெல்ட் போடாவிட்டால் மணியடிக்கும்... டிங்... டிங்... என்று.

விளக்கை எடுத்துக்கொண்டு போய்ப் பாருங்கள். பக்கத்து இருக்கை காலியாகத்தான் இருக்கும். குறுக்கே பெல்ட் மாட்டியிருக்கும். கழற்றிவிடாதீர்கள். மணி நிற்காது.