குழாயில் நிறம் கண்ட அக்காவுக்கு

மண்ணுக்கடியில் ஓடும் ஆறுகளை மனப்பாடமாய் அறிந்தவரே! மற்றவர் மூக்கைப் பொத்தும் இடத்தில் மூளையைச் செலுத்தியவரே! முப்பத்தோர் ஆண்டுப் பணியை முழு மனநிறைவோடு முடித்து இன்று விடைபெறும் எங்கள் மேற்பார்வையாளரே, அன்பு அக்காவே! பாதாளச் சாக்கடைப் பிரிவின் பணியாளர்கள் பாசத்தோடு படைக்கும் மடல் இது.

கழிவுநீரேற்று நிலையத்தில் பம்ப் இயக்குபவராக நீங்கள் சேர்ந்தபோது, இந்த ஊரின் சாக்கடைகளுக்கு வரைபடமே இல்லை. கடைத்தெருவின் அடியில் செங்கல் வளைவாய்க் கட்டிய பழங்கால்வாய் எங்கே திரும்புகிறது என்ற விவரம் அதைக் கட்டியவர்களோடே போய்விட்டது. அடைப்பு என்றால் பத்து இடத்தில் தோண்டுவோம். நீங்களோ விடுமுறை நாட்களில் ஒரு வாளிச் சாயத்தோடு கிளம்பினீர்கள். ஒரு சாக்கடை மூடியைத் திறந்து ஊற்றுவீர்கள். எந்த மூடிக்கடியில் நிறம் தெரிகிறதோ அதை நோட்டில் குறிப்பீர்கள். சாயம் உங்கள் கணவரின் பட்டறையிலிருந்து வந்தது. "ஊர்ல எல்லாரும் துணிக்குச் சாயம் போடுறாங்க, என் வீட்டுக்காரி சாக்கடைக்குப் போடுறா" என்று அவர் சொல்லிச் சிரித்ததை நாங்கள் மறக்கவில்லை.

அந்த நாட்களில் அச்சகத்துக்குப் பின்னாலிருந்த சந்தில் பிள்ளைகளுக்கு வாந்தியும் பேதியும் ஓயவில்லை. ஒரு கைக்குழந்தை மருத்துவமனையில் பிழைக்குமா என்று கிடந்தது. முனையில் பலகாரம் விற்றவர்மீது பழி விழுந்தது. அவருடைய வண்டியைக் கவிழ்த்தே விட்டார்கள். அந்தச் சந்தில் நீங்கள் சாயம் ஊற்றிய மறுநாள், வழியைக் குறிக்க வந்த உங்களிடம் ஒரு தாய் ஓடி வந்தார்.

"அக்கா, குழாய்ல ரோஸ் கலர்ல தண்ணி வருது. நீங்க ஏதாவது ஊத்தினீங்களா?"

வாளியை அங்கேயே போட்டுவிட்டு ஓடினீர்கள். சந்தின் குடிநீர் வால்வை நீங்களே திருகி மூடினீர்கள். பொறியாளர் வந்து கொதித்தார். "யாரைக் கேட்டு மூடினீங்க? வேலை போயிடும், தெரியுமில்ல?"

 நீங்களோ அந்தத் தாய் பிடித்து வைத்திருந்த தண்ணீரை ஒரு டம்ளரில் அவரிடம் நீட்டினீர்கள். "ஒரு வாய் குடிங்க சார். குடிச்சிட்டீங்கன்னா நானே திறந்து விடறேன்."

அவர் டம்ளரைப் பார்த்தார், உங்களைப் பார்த்தார், தோண்ட ஆள் அனுப்பினார்.

இரண்டாம் நாள் உண்மை வெளிப்பட்டது. செங்கல் கால்வாய் கசிந்த இடத்துக்கு ஒரு முழம் கீழே துருப்பிடித்த குடிநீர்க் குழாய்! தண்ணீர் வராத நேரங்களில் அந்த வெற்றுக் குழாய் சாக்கடையை உறிஞ்சியிருக்கிறது. குழாயை மாற்றினோம், கால்வாயைப் பூசினோம். ஒரு மாதம் கழித்து மருத்துவர் உங்களிடம் கேட்டார்: "அந்தச் சந்துல இருந்து யாருமே வரலியே, எல்லாரும் வீட்டைக் காலி பண்ணிட்டாங்களா?" எந்த விருதும் அந்தக் கேள்விக்கு ஈடாகாது, அக்கா! அந்தக் கைக்குழந்தை இப்போது நம் அலுவலகத்துக்கே புகார் எழுதும் அளவுக்கு வளர்ந்துவிட்டது. பலகாரக்காரர் இதோ மூன்றாம் வரிசையில் இருக்கிறார். இன்றைய சிற்றுண்டி அவர் கைவண்ணம்.

மேற்பார்வையாளரான பின் உங்கள் பிடிவாதம் எங்களைப் படாத பாடு படுத்தியது. விஷவாயு பார்க்காமல் மூடிக்குக் கீழே ஒரு விரலைக்கூட விடக் கூடாது. அடைப்பெடுக்கும் இயந்திரம் வரும்வரை யார் கத்தினாலும் காத்திருக்க வேண்டும். முழங்கைவரை சோப்புப் போட்டுக் கழுவாமல் டீ கிடையாது. முணுமுணுத்தோம், பட்டப்பெயர் வைத்தோம், பிறகு பழகிவிட்டோம்.

இனிப் புகார்த் தொலைபேசி உங்களை எழுப்பாதிருக்கட்டும்! தெருவில் நடக்கையில் மூடிகளை எண்ணாமல் உங்கள் கணவரோடு நாலு வார்த்தை பேசுங்கள்! நோயின்றி, நோவின்றி, நூறாண்டு நிறைவாய் வாழுங்கள்!

பதினெட்டு ஆண்டுகள் உங்கள் பொறுப்பில் இருந்தோம். அத்தனை மாலைகளிலும் அத்தனை பேரும் வீடு திரும்பினோம். அதனால்தான் கையொப்பமிட இந்தப் பக்கம் போதவில்லை, மறுபக்கத்திலும் இட்டிருக்கிறோம். மடலுக்குச் சட்டம் போடுபவரிடம் இரண்டு பக்கமும் கண்ணாடி வைக்கச் சொல்லிவிட்டோம்.

என்றும் உங்கள் அன்புக்குரிய,
பாதாளச் சாக்கடைப் பிரிவுப் பணியாளர்கள்,
ஒருவர் விடாமல்.